கஞ்சி யார் கணக்கில்

கூட்டுப் பயிற்சி, இரண்டு வாரம்.
அறிவிப்புப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு கோடு, அப்புறம்
ரெஜினா, ஊட்டச்சத்தியல், மூன்றாம் ஆண்டு.
காரைக்குடி ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் அறை.
அவள் வெள்ளைக் கோட்டில் வந்தாள்,
நான் நர்சிங் கல்லூரி நீலத்தில்.
நோயாளிகள் அவளை டாக்டரம்மா என்றார்கள்,
என்னை, "இங்க வாத்தா".
அவள் திருத்தவில்லை. முதல் நாள்
அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஆளுக்கோர் அளவுக் குவளை இருந்தது.
அவளுடையது பாயசத்துக்கு,
என்னுடையது மூத்திரத்துக்கு.
ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்தோம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் கட்டில், அடைக்கலம்.
புதுவயல் அரிசி மில்லில் மூட்டை சுமந்தவர்,
இப்போது மூட்டைக்கு எடை எழுதுகிறவர்.
செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே
உடம்பில் மூன்று கிலோ ஏறியிருந்தது.
சதை இல்லை, தண்ணீர்.
"எவ்வளவு குடிச்சீங்க?"
"பாட்டில்ல கோடு போட்டுக் குடுத்தியல்ல,
அதத் தாண்டலத்தா.
எடை எழுதுறவன்கிட்டயே கணக்குக் கேக்குற."
பெரிய டாக்டர் எங்களைப் பார்த்தார்.
பொய் சொல்வது இவரா, உங்கள் தாளா?

என் தாளில் எல்லாம் மில்லி.
தண்ணீர், காப்பி,
மாத்திரை விழுங்கிய மடக்கு கூட.
அவள் தாளில் எல்லாம் கிராம்.
காயை நறுக்கி ஊறவைத்து
நீரை வடித்துவிடச் சொன்னது வரை.
நடுவில் ஒரு வரி:
காலை, பழைய சோறு, ஒரு செம்பு.
"செம்பு எப்படி கிராமாகும்?" என்றேன்.
"உன் தாளில் ஏன் இல்லை?" என்றாள்.
"சோறு உன்னுடையது."
"தண்ணி உன்னுடையது."

வெளியே காத்திருந்த ராக்கு, அவர் மனைவி,
தூக்குவாளியைத் திறந்தார்.
முதல் பஸ்ஸுக்கு முன் கரைத்தது,
சின்ன வெங்காயம் மிதந்தது.
"இது தண்ணி இல்லீங்களே, நீராகாரம்."
பிறந்ததிலிருந்து தெரிந்த சொல்.
அன்றுதான் இருவர் காதிலும் அது
இரண்டாகப் பிளந்து விழுந்தது,
பாதி எனக்கு, பாதி அவளுக்கு.

பிரிக்காத உறையிலிருந்து புதுக் குவளை எடுத்தேன்.
நான் காஸ் துணியை மடித்துப் பிடிக்க
அவள் ஊற்றினாள். நிதானமாக, ஒரு பருக்கை சிந்தாமல்.
சோறு, நூற்றெண்பது கிராம்.
நீர், நானூற்றைம்பது மில்லி.
நாள் முழுவதற்கும் அவருக்கு விதித்தது எழுநூறு.

நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றாள்.
போன மாதம் அவர் வார்டில் கிடந்தபோது
ராத்திரி இரண்டு மணிக்கு
உதட்டை நக்கி நக்கிப் புண்ணாக்கியதைப் பார்த்தவள் நான்.
நிறுத்தமாட்டார் என்றேன்.
அவள் கோபித்துக்கொண்டாள்.
பிறகு ராக்குவிடம் திரும்பி
எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றைக் கேட்டாள்:
"தொட்டுக்க என்ன?"
"மோர்மிளகாதான்."
உப்பு.
தாகம் அந்தக் காம்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சோற்றைப் பிழிந்து வைப்பது. நீர் அரை டம்ளர்.
விடிகாலையில் வேண்டாம், பதினோரு மணிக்கு,
மில் தகரம் காய்கிற நேரத்தில்.
மோர்மிளகாய்க்கு மட்டும் ராக்கு ஒத்துக்கொள்ளவில்லை,
ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று முடிந்தது.

அடுத்த செவ்வாய், இரண்டு கிலோ இருநூறு.
அடைக்கலம் குனிந்து முள்ளைப் படித்தார்.
"சாக்கு எடையக் கழிச்சீகளா?"

தாளில் பேனாவால் மூன்றாவது கட்டம் வரைந்தோம்.
அச்சில் இல்லாததை எழுதாதீர்கள் என்றார் பொறுப்பாளர்.
கடைசி நாள் ஒரு கேள்வித்தாள்:
மற்ற துறையிடம் கற்றது என்ன, ஐம்பது சொற்களில்.
மோர்மிளகாய் என்று எழுதினேன்.
மீதி நாற்பத்தொன்பது சொல் வரவில்லை.
அவள் தன் தாளைக் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

பஸ் நிலையத்தில் டீ வாங்கினோம்.
கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கி
"நூற்றிருபது" என்றாள்.
"நுரை போக நூறு" என்றேன்.
தேவகோட்டை பஸ் வந்துவிட்டது.
மீதி நாற்பதை என் கையில் திணித்துவிட்டு
ஓடினாள்.